வாழ்த்துரைக்கு நடுவே ஊற்றிய ஒயின்

முப்பத்தொரு வயதில் ஓய்வு பெற்றவள் என்று என்னை நானே அறிமுகப்படுத்திக்கொண்டால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். ஆயினும் அது உண்மை. ஆற்றங்கரையில் கிடங்கு வைத்து ஐரோப்பிய மதுவகைகளை இறக்குமதி செய்துவந்த நிறுவனம் ஒன்று, சென்ற ஆண்டு ஒயின் வியாபாரத்தைக் கைவிட்டு விஸ்கியோடும் பீரோடும் நின்றுகொண்டது. ஒயினைச் சுவைத்துத் தரம் சொல்வது என் வேலை. சுவைக்க ஒன்றுமில்லாத இடத்தில் எனக்கும் வேலையில்லை. மனக்குறை ஏதுமின்றி விடைபெற்றேன். மாலை வேளைகளில் துண்டு துண்டாகப் படித்துவந்த இலக்கியத்தை இப்போது பகல் முழுவதும் படிக்கிறேன்.

சில வாரங்களுக்கு முன், புதிதாகத் திறந்திருக்கும் பெரிய ஹோட்டல் ஒன்றில் பரிமாறும் வேலைக்குச் சேர்ந்த இரண்டு தம்பிகள் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார்கள். "அக்கா, ரெட் ஒயினை ரூம் டெம்பரேச்சர்லதான் குடுக்கணும்னு புக்ல போட்டிருக்கு. நாங்க கவுண்டர்லயே வச்சிடறோம். கரெக்ட்தானே?" என்று ஒருவர் கேட்டார். என் மேலதிகாரியிடம் நானும் ஒருகாலத்தில் அதையே கேட்டிருக்கிறேன். அவர் திருப்பிக் கேட்டது மூன்றே சொற்கள்: "எந்த ஊரு ரூம்?"

நம் ஊர் அறையின் வெப்பத்தில் ஒரு பிற்பகல் நின்றால் எந்தச் சிவப்பு ஒயினும் சூடேறிய பழச்சாறாகிவிடும். அதை விளக்கி முடித்ததும் மற்றவர், நான் சுவைத்தவற்றுள் சிறந்தது எது என்று கேட்டார். அவருக்கு வாய்மொழியாகச் சொன்ன விடையைத்தான் இங்கே சற்று ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

ஐம்பதுகளின் நடுவில் தட்டச்சு செய்பவளாகத்தான் அந்த நிறுவனத்தில் சேர்ந்தேன். ஒயின் பிரிவின் பொறுப்பாளர் சேசுராசா, காரைக்காலில் பிறந்து சைகோனில் பிரெஞ்சுக்காரர்களிடம் தொழில் பழகி, அங்கே நிலைமை கெட்டபின் சிங்கப்பூர் வந்தவர். எல்லாரும் அவரை, பிரெஞ்சில் 'ஐயா' என்று பொருள்படும் 'முசே' என்றே அழைத்தோம். அவர் விதிப்படி ஒவ்வொரு ஒயினையும் இருவர் தனித்தனியாகச் சுவைக்கவேண்டும். அந்த இரண்டாமவர் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்ததும் முசே அலுவலகம் முழுவதையும் ஒருமுறை சுற்றிவந்தார். புகைபிடிப்பவர், வெற்றிலை போடுபவர், மாலையில் பீர் அருந்துபவர் என ஒவ்வொருவராக விலக்கினார். எஞ்சியவள் நான் ஒருத்தியே.

"மதுன்னா ஆசை இருக்கா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன்.

"நல்லது. ஆசை இருக்கிற நாக்கு பொய் சொல்லும்."

பயிற்சியைப் பற்றி விரிவாகச் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு ஆண்டுகள் தவறாகச் சொன்னேன். பிறகு மெல்ல மெல்லச் சரியாகச் சொல்லத் தொடங்கினேன். ஆனால் முறைகளைச் சொல்லியாகவேண்டும். சுவைக்கும் நாளில் நாங்கள் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டி, எதிரெதிர்ச் சுவர்களைப் பார்த்து நிற்போம். ஒருவர் முகச்சுளிப்பு மற்றவர் நாக்கைக் கெடுத்துவிடும் என்பது முசேயின் கொள்கை. முதலில் நிறம், பிறகு மணம், கடைசியில் வாய். வாயில் சுழற்றியபின் துப்பிவிட வேண்டும். அதற்கென லண்டனிலிருந்து வந்த பீங்கான் கலம் உடைந்துபோனதால், சிராங்கூன் சாலைப் பாத்திரக்கடையில் வாங்கிய பித்தளைப் படிக்கம் இரண்டு சுவரோரம் இருந்தன. வெற்றிலை எச்சிலுக்காகச் செய்தவை பிரான்சின் உயர்ந்த ஒயின்களைத் தாங்கின.

குறிப்பு எழுதுவதிலும் அவர் கண்டிப்பானவர். வெளிநாட்டுப் பட்டியல்களில் கண்ட மலர்களின் பெயர்களை நான் முதலில் எழுதியபோது, "இந்தப் பூவை மோந்திருக்கியா?" என்று கேட்டு அந்த வரிகளைக் கோடிட்டு அடித்துவிட்டார். மோந்திராத எதையும் எழுதக்கூடாது. அதனால் என் குறிப்புகளில் வெட்டிவேரும் பென்சில் சீவலும் காய்ந்த ரோஜா இதழும் ஊறவைத்த புளியும் இடம்பெற்றன. தக்கை கெட்ட ஒயினுக்கு 'ஈரச் சாக்கு' என்று எழுதினேன். முசே என்னைப் பாராட்டியதே இல்லை. என் குறிப்பும் அவர் குறிப்பும் ஒத்துப்போனால், மேசையிலிருந்த தம் கண்ணாடிக் கிண்ணத்தை ஒரு விரலளவு என் பக்கம் நகர்த்துவார். அவ்வளவுதான்.

வீட்டில் சிக்கல் இரண்டு. முதலாவது, அம்மா. என் வேலை இன்னதென்று ஒருநாள் அவருக்குத் தெரிந்துவிட்டது. உடனே ஒரு நிபந்தனை விதித்தார்: "நாக்குல வச்சுக்க. தொண்டைக்குக் கீழ இறங்கக் கூடாது." தொழிலின் விதியும் அதுவேயாதலால் எனக்கு இடரேதும் நேரவில்லை.

இரண்டாவது, பூ. சுவைக்கும் நாளில் தலையில் பூ கூடாது, எண்ணெய் கூடாது, வீட்டுச் சாம்பிராணிப் புகையும் கூந்தலில் படக்கூடாது. நாங்கள் குடியிருந்ததோ பஃபலோ சாலையில், பூக்கடைகளுக்கு எதிரே. செவ்வாயும் வெள்ளியும் சுவைக்கும் நாள்கள். மங்களமான அந்த இரு நாள்களிலும் கன்னிப்பெண் ஒருத்தி வெறுந்தலையோடு பேருந்துக்கு நிற்பது தெருவுக்குப் பொறுக்கவில்லை. பூக்கட்டும் அக்கா அம்மாவிடமே கேட்டுவிட்டார்: "வீட்ல யாருக்கும் ஒண்ணும் இல்லையே? புள்ள மொட்டைத் தலையா போகுதே." ஆபீஸ் விதி என்றார் அம்மா. "என்னா ஆபீஸு லா அது, பூவைக் கண்டா பயப்படுது?" என்று அக்கா கேட்டது தெரு முழுதும் சில காலம் வேடிக்கைப் பேச்சாக உலவியது.

இனி அந்தப் பாட்டில்.

எங்கள் குளிர் அறையின் கடைசி மூலையில், பிரான்சின் போர்தோ வட்டாரத்துச் சிவப்பு ஒயின் ஒரு பாட்டில் தனியே படுத்திருந்தது. நான் பிறப்பதற்குச் சில ஆண்டுகள் முந்தைய அறுவடை. கத்தோலிக்கத் தமிழ் மருத்துவர் ஒருவர், தமக்கு மகள் பிறந்தபோது அதில் ஆறு வாங்கி எங்கள் பொறுப்பில் வைத்திருந்தார். மகளின் திருமணத்தில் திறப்பதற்காக. ஜப்பானியர் காலத்தில் அந்த அறையில் மீனும் இறைச்சியும் வைத்திருந்தார்களாம். நல்லவேளையாகக் குளிர் நிற்கவில்லை, அந்த மூலையை யாரும் துழாவவும் இல்லை. போருக்குப் பின் மருத்துவர் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்து ஒன்றைத் திறந்து பார்ப்பாராம். கடுக்காயைக் கடித்ததுபோல் துவர்க்கும். "இன்னும் நேரம் ஆகலை" என்று சொல்லிவிட்டுப் போவாராம். அப்படி மூன்று தீர்ந்தன. இரண்டு தக்கை கசிந்து கெட்டன. மகளுக்குத் திருமணம் கூடுமுன்பே மருத்துவரும் இறந்துபோனார்.

அறுபதுகளின் தொடக்கத்தில் அவர் மனைவி எங்களைத் தேடி வந்தார். டாக்டரம்மா என்றே அவரை எல்லாரும் அறிவார்கள். மகள் ஸ்டெல்லாவுக்கு அடுத்த மாதம் திருமணம். அப்பா வைத்துவிட்டுப் போன ஒயினைத்தான் மணமக்கள் முதலில் அருந்துவார்கள் என்று சம்பந்தி வீட்டாரிடம் சொல்லிவிட்டார். சொன்னபின்தான் அச்சம் பிடித்துக்கொண்டது.

"அது உயிரோட இருக்கா, முசே?"

"தெறந்தாத்தான் தெரியும்மா. தெறந்துட்டா மறுபடி மூட முடியாது."

"புளிச்சுப் போயிருந்தா? அவங்க சைடுல நூறு வாய். 'அப்பன் வச்சிட்டுப் போனது புளிச்சுப் போச்சு'ன்னு அந்தப் புள்ள காது கேக்கச் சொல்லுவாங்க. ஆயுசுக்கும் சொல்லுவாங்க."

வேறொரு நல்ல ஒயினை அந்தப் பாட்டிலில் ஊற்றித் தர இயலுமா என்று அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். முசே மாட்டேன் என்றார்; ஆனால் கோபப்படவில்லை. விருந்து நடக்கும் வேளையில் உள்ளறையில் திறந்து பார்ப்போம், கெட்டிருந்தால் அவரிடம் மட்டும் சொல்வோம், ஒன்றும் நடவாததுபோல் ஷாம்பேனை ஊற்றிக்கொள்ளலாம் என்று ஒரு வழி சொன்னார். நன்றாக இருந்தாலும் ஒரு கட்டுப்பாடு உண்டு. அத்தனை வயதான ஒயின் காற்றுப் பட்டதும் மலரும், மலர்ந்தபின் நிற்காது. நம் வெயிலில் அது நிற்கும் நேரம் மிகக் குறுகியது. ஆகவே கேக் வெட்டியதும் சுருக்கமாக ஒரே ஒரு வாழ்த்துரை, உடனே ஒயின். டாக்டரம்மா ஒப்புக்கொண்டார்.

திருமணத்துக்கு முந்தைய நாள் முசேவுக்குக் கடுமையான சளி பிடித்தது. மூக்கில்லாமல் அவர் போவது பயனற்றது. கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, "நீ போ" என்றார். இரண்டு நாளாக நிமிர்த்தி வைத்து அடிமண்டியைத் தங்கவிட்டிருந்த பாட்டிலை என்னிடம் ஒப்படைத்தபோது வேறெதுவும் சொல்லவில்லை. வாடகைக் கார் ஓட்டுநரிடம் மட்டும் வாசல்வரை வந்து, பிரசவத்துக்குப் போகும் பெண்ணை ஏற்றியிருப்பதாக நினைத்து ஓட்டும்படி மலாயில் சொன்னார். ஓட்டுநர் திரும்பி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

புறப்படுமுன் அம்மாவிடம் என் கவலை ஒன்றைச் சொல்லியிருந்தேன். விழுங்கக்கூடாது என்பது அவர் நிபந்தனை. ஆனால் கல்யாண வீட்டில் கொடுத்ததைத் துப்புவது எப்படி? அம்மா திகைத்துப்போனார். "கல்யாண வீட்ல துப்புறதாவது! அதைவிட அபசகுனம் வேற இருக்கா?" என்றவர், சிறிது யோசித்துத் தம் சட்டத்தைத் தாமே திருத்தினார்: "அப்படி வந்தா முழுங்கிடு. ஒரு வாய்தான்."

கேலாங்கைத் தாண்டி, கடலோரம் போகும் வழியில் அவர்கள் வீடு. முற்றம் முழுவதும் கூடாரம். வாசலில் சந்தனமும் கற்கண்டும் மல்லிகைச் சரமும் வைத்து வரவேற்ற பெண்ணிடம் பூவை மட்டும் மறுத்தேன். அவள் முகம் சுருங்கியது. விளக்க நேரமில்லை. மருத்துவர் நோயாளிகளைப் பார்த்த அறையில்தான் குளிர்சாதனம் இருந்தது. அங்கே மேசையைத் துடைத்து மெழுகுவத்தி ஏற்றினேன். அந்தச் சுடருக்கு முன்னால் பாட்டிலின் கழுத்தைப் பிடித்து ஊற்றினால்தான் மண்டி எழுவது கண்ணுக்குத் தெரியும்.

தேவாலயத்திலிருந்து மணமக்கள் வந்து, கேக் வெட்டும் கைத்தட்டல் கேட்டதும் தக்கையைத் திருகினேன். அது பாதியில் முறிந்தது. மீதியை மெல்ல மெல்ல எடுத்தேன். கிண்ணத்தில் சிறிது ஊற்றி முகர்ந்தேன்.

மழைக்காலம் முழுவதும் திறக்காத பீரோவின் வாடை.

இந்த இடத்தைச் சற்று விளக்கவேண்டும். பழைய ஒயினில் இருவகைக் கெட்ட வாடை எழும். ஒன்று, நான் ஈரச் சாக்கு என்று எழுதுவது. தக்கையால் வந்த கேடு. காற்றுப் படப்பட அது வளரும், மீட்சியில்லை. மற்றது, நெடுங்காலம் அடைபட்டிருந்ததன் புழுக்கம். காற்றுப் படப்பட அது விலகும். முதல் மூச்சில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். எது என்று அறியப் பொறுத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. எனக்கோ முதுகுக்குப் பின்னால் முசே இல்லை.

டாக்டரம்மா கதவருகில் நின்றிருந்தார். "என்னம்மா?"

"இன்னும் சொல்ல முடியலைம்மா."

"முகத்தைப் பாத்தா தெரியுதே."

என் முகம் எதையோ காட்டிவிட்டிருக்கிறது. சுவரை நோக்கித் திரும்பி நின்றுகொண்டேன். கிண்ணத்தைச் சுழற்றினேன், காத்திருந்தேன், மீண்டும் முகர்ந்தேன். பீரோ அப்படியே இருந்தது. மறுபடியும். இம்முறை பீரோவின் கதவு சற்றுத் திறந்தாற்போல், அதற்குள்ளிருந்து பென்சில் சீவிய மணம் வந்தது. அதன்பின் ஒவ்வொன்றாக வந்தன: காய்ந்த ரோஜா, புகையிலை, மழை ஓய்ந்தபின் சருகுகள் கிடக்கும் தோட்டம். புழுக்கம் போன இடம் தெரியவில்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். நடுவில் மாதுளை, விளிம்பில் செங்கல்.

"உயிரோட இருக்கு" என்றேன். "ஆனா இப்பவே குடுத்துடணும்மா."

அவர் சிலுவையிட்டுக்கொண்டு வெளியே ஓடினார். சுடருக்கு முன் பிடித்து, மண்டியின் முதல் இழை கழுத்தை எட்டும்வரை கண்ணாடிக் குடுவையில் ஊற்றி முடித்தேன். அழைப்பு வரவில்லை. கதவைத் திறந்து பார்த்தேன்.

ஒலிபெருக்கியின் முன் மாப்பிள்ளையின் பெரியப்பா நின்றிருந்தார். அருளப்பர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். சுருக்கமான அந்த ஒரே வாழ்த்துரையை அவருக்குத்தான் கொடுத்திருந்தார்கள். நம்மவர்களிடம், அதிலும் தலைமையாசிரியராக இருந்தவரிடம், சுருக்கமாகப் பேசச் சொல்லி ஒலிபெருக்கியைக் கொடுப்பதைவிடப் பெரிய பிழை ஏதுமில்லை. அவர் இல்லறம் என்னும் சொல்லை எடுத்துக்கொண்டு உலகத் தொடக்கத்துக்குப் போயிருந்தார்.

"வாத்தியாரு இன்னும் ஏதேன் தோட்டத்தையே தாண்டலை" என்று கடைசி வரிசையில் ஒருவர் முணுமுணுத்தார். "நோவா வெள்ளம் வர்றதுக்குள்ள பிரியாணி ஆறிடும் லா" என்றார் பக்கத்திலிருந்தவர்.

டாக்டரம்மா மேடையோரம் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். பெண்வீட்டார் சம்பந்தியின் அண்ணன் பேச்சை இடைமறிப்பது நடவாத காரியம். உள்ளே போய்க் குடுவையை முகர்ந்தேன். உச்சத்தில் இருந்தது, ரோஜா அத்தனை தெளிவாக அதற்குமுன் எந்த ஒயினிலும் எழுந்ததில்லை. வெளியே, அருளப்பர் பொறுமையின் பெருமையைத் தொடங்கினார். மீண்டும் முகர்ந்தபோது ரோஜா ஒரு படி இறங்கியிருந்தது. மணமக்கள் மேடையில் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு மனிதர் பிறந்த மகளுக்கென எடுத்துவைத்தது, வாசலுக்கு இந்தப் பக்கம் தீர்ந்துகொண்டிருந்தது.

கூட்டத்தில் எழுந்து வழிகேட்கக்கூடக் கூசுகிறவள் நான். தட்டில் குடுவையையும் கிண்ணங்களையும் வைத்துக்கொண்டு, நாற்காலி வரிசைகளுக்கு நடுவே நடந்து மேடையேறினேன். கண்ணாடிகள் தட்டில் கலகலத்தன. அருளப்பர் நிறுத்தினார்.

"என்னம்மா? நான் இன்னும் முடிக்கலையே."

"மன்னிச்சிடுங்க ஐயா. நீங்க சொல்றது எத்தனை நாள் கழிச்சுக் கேட்டாலும் கெடாது. இது கெட்டுடும்."

ஒலிபெருக்கி அதையும் கூடாரம் முழுவதும் கொண்டுசேர்த்தது. பிரியாணி ஆறுவதைப் பற்றிக் கவலைப்பட்டவர்தான் முதலில் சிரித்தார் என்று நினைக்கிறேன். சிரிப்பு முன்வரிசைவரை பரவியது. அருளப்பர் என்னைப் பார்த்தார், குடுவையைப் பார்த்தார். வகுப்பில் சரியான விடை சொன்ன பிள்ளைக்கு வழிவிடுவதுபோல் ஓரடி ஒதுங்கி, "ஊத்தும்மா" என்றார்.

ஸ்டெல்லா கிண்ணத்தை இரு கைகளாலும் வாங்கினாள். என் வயதுக்காரி. அவள் முகர்ந்தாள்; அருந்தினாள். அம்மாவைத் திரும்பிப் பார்த்து மெல்லச் சொன்னாள்: "நேரம் ஆயிடுச்சும்மா."

டாக்டரம்மா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். மருத்துவர் சொல்லிவந்த அந்தச் சொல்லின் மறுபாதி அவர்கள் வீட்டில் எத்தனை காலம் புழங்கியதென்பது அங்கே எங்கள் மூவருக்குத்தான் தெரியும். மாப்பிள்ளை அருந்தினார். அருளப்பருக்கும் ஒரு கிண்ணம் ஊற்றினேன். அவர் அருந்தி முடித்து, ஒலிபெருக்கியிடம் திரும்பினார். கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. "பேச வந்ததை மறந்துட்டேன். நல்லா இருங்க" என்று சொல்லி இறங்கிவிட்டார். அன்று எழுந்த கைத்தட்டலில் பாதி அதற்கானது.

நான் மருத்துவரின் அறைக்குத் திரும்பி மெழுகுவத்தியை அணைத்துக்கொண்டிருந்தபோது டாக்டரம்மா வந்தார். ஒரு கையில் குடுவை; அடியில் ஒரு வாய் மிச்சமிருந்தது. மறு கையில் வாசல் தட்டிலிருந்து எடுத்த மல்லிகைச் சரம்.

"வேலை முடிஞ்சிடுச்சுல்ல? இப்ப வச்சுக்கலாமே."

நான் மறுக்குமுன் அவரே என் பின்னலில் செருகிவிட்டார். தாம் சூடாத பூவை என் தலையில் வைத்துச் சரிபார்த்துவிட்டு, மிச்சத்தைக் கிண்ணத்தில் ஊற்றித் தாம் ஒரு மிடறு குடித்து, எனக்கு நீட்டினார்.

ஒயினின் உச்சம் கடந்திருந்தது. பூவின் மணம் கிண்ணத்துக்குள் இறங்கி எல்லாவற்றோடும் கலந்தது; எது மல்லிகை, எது ரோஜா என்று என்னால் பிரிக்க முடியவில்லை. துவர்ப்பு எங்குமில்லை. விழுங்கினேன். நெல்லிக்காய் தின்றபின் குடிக்கும் தண்ணீரில் ஓர் இனிப்பு வருமே, அதுபோல் ஏதோ ஒன்று நெடுநேரம் கழித்து வந்து, போகாமல் நின்றது. மருத்துவரின் நாற்காலியில் அவரும், நோயாளியின் நாற்காலியில் நானுமாக உட்கார்ந்திருந்தோம்.

குடுவையைத் திருப்பித் தர அலுவலகம் போனேன். சளியோடு முசே காத்திருந்தார். "குறிப்பு?" என்றார்.

மணத்துக்கு மட்டும் எழுதியதைக் கொடுத்தேன். வாய்க்கு ஒன்றும் எழுதவில்லை. காரணம் கேட்டார்.

"பூ வச்சிருந்தேன், முசே."

அவர் என் தலையைப் பார்த்தார். விதியை மீறியதற்கு ஏதேனும் சொல்வார் என்று நின்றேன். "அப்ப நீ ருசி பாக்கலை. குடிச்சிருக்கே" என்றார். மேசையில் அவர்முன் இருந்தது சுக்குக் கஷாயக் கோப்பை. அதை ஒரு விரலளவு என் பக்கம் நகர்த்தினார்.

வீட்டுக்கு நடந்தேன். பூக்கட்டும் அக்கா என் தலையைக் கண்டு, "ஆபீஸு மூடிட்டாங்களா?" என்று கேட்டார். அம்மா அடுக்களையில் இருந்தார்.

"துப்பலையே?"

"இல்லம்மா."

அவர் அடுப்பைத் தணித்தார். நான் அந்த வேலையில் இருந்த ஆண்டுகளில் ஒருமுறையேனும் கேட்டிராததை அன்று கேட்டார்: "எப்படி இருந்துச்சு?"

அம்மா கரண்டியோடு காத்திருந்தார்.

"இன்னொரு வாய் இருந்திருக்கலாம்னு இருந்துச்சு" என்றேன்.

"அப்ப நல்லாத்தான் இருந்திருக்கு" என்று சொல்லிவிட்டு, அம்மா எனக்குச் சோறு போட்டார்.